நெருங்கி வந்த படகு

"காரின், மேல வா! அந்தக் கிழவன் மறுபடி நம்மகிட்ட வந்துட்டான்!"

கழற்றிக்கொண்டிருந்த பாயை அப்படியே போட்டுவிட்டு வெண்டல் படகின் பின்பக்கம் ஓடினார்.

புளோரிடாவின் தெற்கு முனையில், அலையாத்திக் காடு சூழ்ந்த குட்டி வளைகுடா அது. சாயங்காலத்துக்குள் புயல் கரையைத் தொட்டுவிடும் என்று ரேடியோவில் சொல்லியாகிவிட்டது. போன வருஷம்தான் இருவரும் வீட்டை விற்று இந்தப் பாய்மரப் படகை வாங்கியிருந்தார்கள். இது போனால் தலைக்கு மேல் கூரை கிடையாது.

காரின் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வெண்டல், காலைல காபி போடும்போது ஜன்னலுக்கு நேரா கரைல அந்தப் பட்ட மரத்துல ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்துச்சு. இப்போ காணோம். பறவைக்கே பயம் வந்துடுச்சு போல."

"கூழைக்கடாவ விடு, இவனப் பாரு! காலைல எவ்வளவு தள்ளி இருந்தான்? இப்போ எட்டித் தொட்டுடலாம் போலிருக்கு. நங்கூரக் கயிறச் சுருட்டிச் சுருட்டி நைசா முன்னால வர்றான். காத்து அடிக்காத இடம் நம்ம இடம்தான்னு தெரிஞ்சு வச்சிருக்கான்."

பின்னால் நின்றது ஓடெல் கிழவரின் படகு. பின்னால் ஒரு குட்டித் துடுப்புப் படகைக் கட்டி வைத்திருந்த, சாயம் உரிந்த சின்னப் படகு. தனி ஆள். அதன் மூக்கிலிருந்து ஒட்டுப்போட்ட பச்சைக் கயிறுகள் இரண்டு தண்ணீருக்குள் இறங்கின. ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஒரு நங்கூரம்.

"நமக்கு அப்புறம் வந்தவன். பின்னால வந்தவன்தானே தள்ளி நிக்கணும்? ஒரு முறை இல்ல?"

வெண்டல் ரேடியோவை எடுத்தார். வளைகுடாவில் இருக்கிற அத்தனை படகுக்கும் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் எடுத்தார்.

"யோவ் பெரியவரே! அடுத்தவன் இடத்துல இப்படித் திருட்டுத்தனமா நுழையறீங்களே, வெக்கமா இல்ல?"

"கேப்டன், ஒரு நிமிஷம் கரையப் பாருங்க. அந்த..."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க! மோதிச்சுன்னா எங்க வீடே போயிடும். முதல்ல தள்ளிப் போங்க!"

ரேடியோ கரகரத்தது.

"சரி, கேப்டன்."

மழை ஆரம்பித்துவிட்டது. கிழவர் முட்டி போட்டு உட்கார்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து கயிற்றைக் கைக்குமேல் கை வைத்து இழுப்பது தெரிந்தது. மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது.

"பாத்தியா? கத்தினாத்தான் வேலை நடக்குது" என்றார் வெண்டல்.

இருவரும் பாய்களைச் சுருட்டி உள்ளே திணித்தார்கள். அலமாரிகளைக் கட்டினார்கள். ஜன்னல்களை இறுக்கி மூடினார்கள். காற்றின் ஊளையில் பேசுவதே காதில் விழவில்லை. நடுவில் மேல்தளத்தில் 'தொம்' என்று ஏதோ சத்தம்.

"என்ன அது?"

"ஏதாவது கயிறு அடிக்கும். நீ இதப் பிடி."

வேலை முடித்து மேலே வந்தபோது கிழவரின் படகு வளைகுடாவின் வாயருகே போயிருந்தது. அங்கே மறைவுக்கு ஒரு மரம் கிடையாது. ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"அப்பாடா, இப்பத்தான் நிம்மதி" என்றார் வெண்டல்.

காரின் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. படகுக்கு முன்னால், கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெண்டல், அந்தக் கூழைக்கடா பறந்து போகல."

எங்கேயோ முன்னால், தூரத்தில் பட்ட மரம். அதன் மேல் கூழைக்கடா குறுகிப்போய் உட்கார்ந்திருந்தது.

"காலைல ஜன்னலுக்கு நேரா இருந்த மரம் அது. அவர் முன்னால வரல. நம்ம நங்கூரம்தான் பிடிக்கல. நாமதான் அவர் மேல போயிருக்கோம்!"

வெண்டல் மழையில் வழுக்கி வழுக்கி முன்பக்கம் ஓடினார். நங்கூரச் சங்கிலி தொளதொளவென்று கிடந்தது.

ஆனால் படகு நகரவில்லை.

சங்கிலிக்குப் பக்கத்தில், அவர் கட்டாத ஒரு கயிறு விறைத்து நின்றது. ஒட்டுப்போட்ட பச்சைக் கயிறு.

வெண்டல் ரேடியோவை எடுத்தார்.

"ஓடெல்... சார்... இது உங்க நங்கூரம்..."

"சொன்னாக் கேக்கற நிலைமைல நீங்க இல்ல, கேப்டன். அதான் குட்டிப் படகுல கொண்டுவந்து போட்டு, கயிற உங்க படகுல கட்டிட்டுப் போயிட்டேன்."

"அப்போ உங்களுக்கு?"

"இன்னொண்ணு இருக்குல்ல."

காற்று அவர் குரலைப் பாதி விழுங்கியது. மறுபடி காதில் விழுந்தபோது அதில் கோபமில்லை, கிண்டலுமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இப்போ தூரம் போதுமா, கேப்டன்?"