டேனிஷ் கம்பிட்டுக்கு ஒரு மறுமொழி

"இண்டைக்கு இவன விடமாட்டன், பஸ்மிலா. அடிச்சுப்போட்டுத்தான் எழும்புவன்."

ஸம்றா போனைத் தையல் மெசினில் சாய்த்து வைத்திருந்தாள். பாதி வெட்டிய அபாயா தரையில் கிடந்தது. பின்னேரத்து அசர் தொழுகையை முடித்துவிட்டு வந்த பஸ்மிலாவை அவள் இருக்கச் சொல்லக்கூட இல்லை.

பஸ்மிலா, ஸம்றாவின் கணவன் மிஹ்லாரின் தங்கை; அவளுக்கு அண்ணன் மிஹ்லார் காக்கா, அண்ணன் மனைவி ஸம்றா மச்சி. சாய்ந்தமருதில் கணித ஆசிரியை. பாடசாலையின் செஸ் குழுவுக்கும் அவள்தான் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு முன் ஸம்றா திடீரென்று வந்து, "எனக்கு செஸ் படிச்சுத் தா" என்று கேட்டபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது பயமாக இருந்தது.

மச்சிக்கு விளையாட்டில் ஆசையில்லை. ஒரே ஒருவனைத் தோற்கடிக்க வேண்டும், அவ்வளவுதான். இணையத்தில் 'கிங் செவன்ட்டி' என்ற பெயரில் ஆடுகிற யாரோ ஒருவன். ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டம். 'கல்முனை' என்று ஊர்ப் பெயரையே தன் பெயராகப் போட்டு ஸம்றா தினமும் அவனுக்கே அழைப்பு அனுப்பினாள், தினமும் அவனிடமே தோற்றாள்.

"இதுவரைக்கும் எத்தின ஆட்டம் மச்சி தோத்திரிக்கீங்க?"

"நூத்திப் பதினாலு."

"யா அல்லாஹ்! அந்த மனுசனுக்கு வேற வேலையே இல்லயா?"

"அதத்தான் நானும் கேக்கன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன விதம் பஸ்மிலாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"சரி, கேளுங்க. வெள்ளைக் காய் கிடைச்சா அவன் ஆட்டத்தத் தொடங்குறது டேனிஷ் கம்பிட் எண்ட முறையிலதான். சிப்பாய் ஒவ்வொண்டாச் சும்மா தருவான். நீங்க தின்னுறீங்க. தின்னுட்டு இரிக்கக்குள்ள அவன்ட ரெண்டு மந்திரியும் வந்து கழுத்தப் புடிக்கிது."

"அப்ப தின்னாம உடவா?"

"தின்னுங்க. பொறகு திருப்பிக் குடுங்க. ராணிக்கு முன்னால நிக்கிற சிப்பாய ரெண்டு கட்டம் தள்ளுங்க. அவன் ஆசப்பட்டு வெட்டுவான். குதிரய வெளிய எடுங்க. மந்திரியக் கொண்டாந்து உங்கட ராசாட வாசல்ல குடுப்பான். ராசாவால தின்னுங்க. உடன உங்கட ராணிய வெட்டுவான்."

"ராணியையா?"

"வெட்டட்டும். வெண்டுட்டன் எண்டு சிரிப்பான். அப்பதான் நீங்க மந்திரிய எடுத்து அவன்ட ராசாவுக்கு செக் வைக்கணும். மந்திரி அசைஞ்சா, பின்னால உங்கட கோட்டை அவன்ட ராணியப் பாத்துக்கொண்டு நிக்கும். பதறாம இரிந்தாக் காணும்."

ஸம்றா வாய்க்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பஸ்மிலா மெதுவாகக் கேட்டாள்:

"மச்சி, கோவிக்காதீங்க. காக்காவோட உள்ள கோவத்த ஆரோ ஒரு மனுசன்ல தீக்கிறீங்களோ எண்டு நினைக்கன்."

ஸம்றா சரிந்த போனை நிமிர்த்தி வைத்தாள்.

மிஹ்லார் கட்டாரில் இருந்தான். சின்ன மகள் டெங்குக் காய்ச்சலில் ஆசுபத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து புருசனும் பொஞ்சாதியும் சரியாகக் கதைப்பதில்லை என்பது குடும்பத்துக்கே தெரியும்.

"காக்காக்கு ரெண்டு சிப்ட் மச்சி. போனத் தொட நேரமில்ல எண்டு எனக்கும் வொய்ஸ் போட்டார். பாவம்."

"ஓம், பாவம்" என்றாள் ஸம்றா. "இரி, அவன் வந்துட்டான்."

ஆட்டம் தொடங்கியது. அவனுக்கு வெள்ளை. யோசிக்காமல் பட்பட்டென்று ஆடினான். ஒரு சிப்பாய், இரண்டு சிப்பாய், மூன்று. ஸம்றா எல்லாவற்றையும் தின்றாள். பிறகு ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளினாள். வெட்டினான். குதிரையை எடுத்தாள். மந்திரியைக் குடுத்தான். ராசாவால் தின்றாள். அவளுடைய ராணியை வெட்டிவிட்டு, கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பினான்.

"சிரி. நல்லாச் சிரி" என்றாள் ஸம்றா. மந்திரியை இழுத்துவந்து செக் வைத்தாள்.

முதன்முறையாக அவனுடைய மணிக்கூடு ஓடியது. பத்து நொடி. இருபது. ராணியை நடுவில் கொண்டுவந்து போட்டிருந்தால் தப்பியிருப்பான். பதற்றத்தில் ராசாவை நகர்த்தினான். ஸம்றாவின் கோட்டை பலகையின் கரையோரமாகப் போய் ராணியைத் தூக்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" பஸ்மிலா கத்தியே விட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு நகர்த்தல்தான். தோல்வியை ஒப்புக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது.

'சூப்பர் தம்பி. பேர்ல கல்முனை எண்டு இரிக்கி. நானும் அந்தப் பக்கம்தான். யாருட மகன் நீங்க?'

"அட, நம்மட ஊர் ஆள்!" பஸ்மிலாவுக்குச் சிரிப்பு வந்தது. "பாருங்க மச்சி, மரியாதயான மனுசன்."

ஸம்றா சிரிக்கவில்லை. எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

'ஒருத்தர்ட மகனும் இல்ல. நான் உங்கட மகள்ட உம்மா. அவள் டெங்குல கிடந்த அண்டு ஏழு தரம் கோல் எடுத்தன். வேலை எண்டீங்க. அண்டைக்கு மட்டும் நீங்க ஆடினது முப்பத்தொரு ஆட்டம். இந்தப் பேர உங்கட பழைய போன்ல கண்டுதான் தேடினன், எல்லா ஆட்டமும் இதுல பதிஞ்சு இரிக்கி.'

பஸ்மிலா அதை இரண்டாந்தரம் வாசித்து முடிப்பதற்குள் போன் அலறியது. திரையில் மிஹ்லார் காக்காவின் படம். மூன்று மாதத்தில் அவன் தானாக எடுத்த முதல் அழைப்பை ஸம்றா துண்டித்தாள்.