சலவை அறையின் குழாய்

"இங்க இருக்கிற எந்த ஸ்விட்சை வேணும்னாலும் தொடுங்கம்மா. மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறத மட்டும் தொட்டுடாதீங்க."

"தொட்டா?"

"சுவருக்கு அந்தப் பக்கம் குளிர் அறை. ஆறு பன்றி தொங்குது. கறி கெட்டுச்சுன்னா ஆறையும் நீங்கதான் தின்னு தீர்க்கணும்."

சொல்லிவிட்டு மேலாளர் சிரித்தார். அல்டோனாவும் சிரித்தாள்.

அது நடந்து பதினேழு வருஷம் ஆகிறது. அரசு வழக்கறிஞரின் மேஜைக்கு எதிரே, ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது ஏனோ அந்தச் சிரிப்புதான் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது.

காட்டுக்குள் இருந்த பழைய மர ஆலையை வெளிநாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டு உயரமாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஏதோ பயிற்சிப் பள்ளி என்று ஊரில் பேச்சு. இரண்டு குளிர்காலம் அவள் அங்கே துணி துவைத்தாள். உள்ளே நடப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று கையெழுத்தும் போட்டிருந்தாள்.

இப்போது ஏமன் நாட்டு முகல்லா நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வழக்குப் போட்டிருந்தது. தங்கள் மகனைப் பயங்கரவாதி என்று பிடித்து, எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தாமல் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள் என்றது. அங்கே யாருமே இருக்கவில்லை என்றது அரசாங்கம்.

அங்கே வேலை பார்த்த மற்ற பதினொரு பேரும் ஒருவரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அல்டோனா கடைசி ஆள். அவளோடு அந்தக் கோப்பு மூடப்பட்டுவிடும்.

"நீங்க யாரையாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள் வழக்கறிஞர் யூராடே.

"பாக்கலை."

யூராடே பேனாவை மூடப் போனாள்.

"ஆனா கேட்டேன்."

சலவை இயந்திரம் சுற்றி ஓய்ந்ததும், தண்ணீர் வடியும் குழாய் வழியாக அது வரும். ஓர் ஆணின் குரல். தினமும் ஒரே வாக்கியம், ஒரே ராகம். புரியாத மொழி.

முதல் நாள் அவள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். பிறகு, அந்தப் பக்கம் யாரோ வேலைக்காரன் தொழுகிறான் என்று தேற்றிக்கொண்டாள். குளிர் அறையில் யார் தொழுவார்கள் என்று யோசிக்கவில்லை. குளிர் அறைச் சுவர் ஏன் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

பாவம், தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறானே என்று ஒரு நாள் மனசு கேட்கவில்லை. குழாயருகே குனிந்து, அவன் சொன்னதையே அப்படியே திருப்பிச் சொன்னாள்.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

பிறகு மறுபடியும் அதே வாக்கியம், மிக மெதுவாக. அவளும் மெதுவாகச் சொன்னாள். அவன் சிரித்த மாதிரி இருந்தது. அழுத மாதிரியும் இருந்தது.

அதன்பின் தினமும் அப்படித்தான். அவன் சொல்வான், அவள் திருப்பிச் சொல்வாள். சொல்லிக்கொண்டே சுவரைத் துடைப்பாள். மஞ்சள் டேப் ஒட்டிய ஸ்விட்சை மட்டும் தொடாமல் சுற்றிவந்து, பத்திரமாக.

இரண்டாவது குளிர்காலம் முடியும்போது குழாய் பேசுவதை நிறுத்தியது.

வாக்கியம் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. உருளைக்கிழங்கு சீவும்போது, காளான் பொறுக்கும்போது, அவளறியாமல் வாயில் வரும். "இத்தனை வருஷமா யாருடி அவன்? என்னைவிட அழகா?" என்று அவள் கணவர் கெஸ்தாஸ் கிண்டல் செய்வார். இன்று காலை அவள் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டவரும் அவர்தான். "ஜெயில்ல போட்டா போடட்டும். போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

"அந்த வாக்கியம் இன்னும் ஞாபகம் இருக்கா?" யூராடேயின் குரல் இறங்கியிருந்தது.

பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அவத் உட்கார்ந்திருந்தார். அல்டோனா அவரைப் பார்த்தாள். தலைநகர் வில்னியஸில் முப்பது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கும் ஏமன்காரர். கண்ணை மூடிக்கொண்டு, குழாயில் கேட்ட அதே ராகத்தில் அவள் சொன்னாள்.

அவத் எழுதவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "முகல்லாப் பேச்சு. அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன் வாய்லதான் இப்படி வரும். எழுதிக்கோங்க மேடம், அவன் அங்க இருந்திருக்கான்."

யூராடேயின் பேனா ஓடத் தொடங்கியது. அல்டோனாவுக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. இத்தனை வருஷமாகச் சுமந்ததை உரிய இடத்தில் சேர்த்துவிட்டாள்.

"தொழுகைதானே ஐயா அது?"

"தொழுகை இல்லம்மா."

"பின்ன?"

அவத் அவள் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய மொழியில், அதே ராகத்தில் சொன்னார்.

"வெளிய யாரு இருந்தாலும் சரி... அந்த லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடுங்க. தூங்கணும்."