சாட்சிப்பெட்டி

மனைவியைப் பிரிந்தவரோடு குடித்தனம் நடத்துபவளையும் துணைவி என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்று பதிந்துவைக்கும், சுவரிலுள்ள சாட்சிப்பெட்டி சொன்னால் போதும். தேவசகாயத்தோடு ஒன்பது வருஷம் வாழ்ந்த மரகதம் அந்தப் பெட்டியை நம்பவே இல்லை. அவர் மனைவியின் வக்கீல் அதன் வழியாக ஒட்டுக்கேட்பதாகச் சந்தேகப்பட்டு, தினமும் விளக்கு வைத்ததும் அதை அணைத்துவிடுவாள், விடிந்ததும் போடுவாள்.

தேவசகாயம் இறந்ததும் உடலை வாங்கச் சென்றாள். சவக்கிடங்கு ஊழியர் பெட்டியின் பதிவைத் திரையில் பார்த்தார்.

"விடிஞ்சா வர்றீங்க, சமைக்கிறீங்க, பொழுது சாய்ஞ்சா போயிடுறீங்க. ராத்திரி ஒருநாள்கூடத் தங்கினதாப் பெட்டியில பதிவு இல்லியேம்மா. சமையல்காரர்னுதான் பதிஞ்சிருக்கு."

"நான் அவருக்கு யாருன்னு எங்க தெருவுல கேளுங்க சார்!"

"தெரு சொன்னாச் செல்லாது. உடம்பை அவர் சம்சாரத்துக்கிட்டதான் கொடுக்கணும். வேலைக்காரங்க அஞ்சு நிமிஷம் பார்க்கலாம். கையெழுத்துப் போடுறீங்களா?"

இதுவும் அந்த வக்கீலின் வேலையாக இருக்குமோ? போட்டுவிட்டால், நாளைக்கு எந்தக் கோர்ட்டிலும் வாயைத் திறக்க முடியாது. ஆனால் உள்ளே அவர் தலைகூட வாராமல் கிடப்பார்.

மரகதம் பேனாவை வாங்கி, சமையல்காரர் என்ற சொல்லுக்கு எதிரே தன் பெயரை எழுதினாள்.