தீங்கில்லாத கட்டி

“கேன்சர் எல்லாம் இல்லம்மா. சாதாரணத் தசைக்கட்டி. குடல்வால்லயே உட்கார்ந்திருந்துச்சு, வாலோட எடுத்தாச்சு. தீங்கில்லாத கட்டி,” என்றார் டாக்டர்.

என் கணவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்து அழுதார்.

குடல்வாலில் இப்படி ஒரு கட்டி வருவது ரொம்ப அபூர்வமாம். இத்தனை வருட அனுபவத்தில் இதுதான் முதல் தடவை என்று டாக்டருக்கே ஆச்சரியம். தன் மகன் லட்சத்தில் ஒரு பிள்ளை என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். உயிரோடு இருந்திருந்தால் இதையும் அந்தப் பெருமையில் சேர்த்திருப்பார்.

நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் அது. ஆனால் உள்ளே துளி சந்தோஷம் இல்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

வயிற்று வலி என்றுதான் இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், வாலின் நுனியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது, சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தே கேன்சர்தான் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் தனி பிரேக்கில் கால் வைத்தபடியே பிழைப்பவர். வீட்டிலும் அப்படித்தான். யார் எங்கே போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். அப்படிப்பட்டவர் மறுநாள் மத்தியானம், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து அழுதார்.

என் அப்பா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தது இவர். என்னிடம் சொல்லவில்லை. பேசவிட்டால் உன்னை என்னிடமிருந்து பிரித்துவிடுவார் என்று பயந்தேன் என்றார்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா என் முகத்தில் விழித்ததில்லை. பேத்தி பிறந்தும் எட்டிப் பார்க்கவில்லை. மனிதர் பிடித்த பிடியோடே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவரைத் திட்டித் திட்டித்தான் அழுதிருக்கிறேன்.

சாகப்போகிற மனுஷனிடம் என்ன சொல்வது? பரவாயில்லை, விடுங்கள் என்றேன். பொய்யில்லை, மனதாரத்தான் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். பாரம் இறங்கிய மாதிரி தூங்கிப்போனார்.

அதன் பிறகு ஒரு வாரம் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன், காலைப் பிடித்துவிட்டேன். இன்னும் எத்தனை நாளோ என்று ஒவ்வொரு வேளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். கோபப்பட எனக்கு நேரமே இருக்கவில்லை.

இப்போது அவருக்கு ஒன்றுமில்லை. நான் கொடுத்த மன்னிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்க முடியுமா என்று தெரியவில்லை.

லிஃப்ட்டுக்காக நின்றோம். அவர் தம்பிக்குப் போன் போட்டு, உன் அண்ணன் இப்போதைக்கு உங்களை விட்டுப் போகமாட்டான்டா என்று சிரித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்குப் பயத்துல என்னென்னமோ உளறிட்டேன். மனசுல வெச்சுக்காத.”

ஒரே வாரத்தில் அது உளறலாகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படுத்துக் கிடப்பவரைப் போட்டுக் குடையக் கூடாது என்று இருந்துவிட்டேன். இனிமேல் கேட்கலாம்.

“அப்பா போன்ல என்ன கேட்டாரு?”

அவர் லிஃப்ட் பொத்தானை மறுபடியும் அழுத்தினார். அது ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

“பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்கன்னு கேட்டாரு.”

“சொன்னீங்களா?”

“இல்ல. போனை வெச்சுட்டேன்.”

என் மகளுக்கு நான் வைத்திருப்பது, அப்பாவைப் பெற்றவளின் பெயர்.