சகலைக்கு ஒரு கிளிக்

"என் சகலை மாதிரி ஒரு திருட்டுப் பயலை நீ பார்த்திருக்கவே மாட்டேம்மா" என்றார் வாஷிங் மெஷின் மெக்கானிக். வீட்டின் முன்பக்கம்தான் அவர் கடை.

அவருடைய வெப்சைட்டைச் சரிபண்ண வந்திருந்த பெண் லேப்டாப்பைத் திறந்தாள். "என்ன சார் திருடினாரு?"

"அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அடுத்த தெருவுல கடை. வாஷிங் மெஷினுக்குள்ள தண்ணி எப்படிப் போகுதுன்னுகூட அவனுக்குத் தெரியாது. ஆனா நெட்டுல வாஷிங் மெஷின் ரிப்பேர்னு தேடினா, முதல்ல வந்து நிக்கிறது அவன்!"

தேடினாள். உண்மைதான். சகலையின் கடைதான் முதலில் வந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு போட்டோ.

"பாரு, பாரு! அது என் கடை! என் ஷட்டர், என் போர்டு! போட்டோகூட என்கிட்ட திருடினதுதான்!"

"இருங்க சார். திறந்து என்ன எழுதியிருக்காருன்னு பார்த்துடலாம்."

மெக்கானிக் பாய்ந்து லேப்டாப்பை மூடினார். அவள் விரல் தப்பியது பெரிய விஷயம்.

"திறக்காதே! நம்ம கையால ஒரு கிளிக் விழுந்தா அவன் இன்னும் மேல போயிடுவான். இதுவரைக்கும் நான் அதைத் தொட்டதில்ல. வீட்லயும் யாரையும் தொட விட்டதில்ல."

"ஆமா, பெரிய விரதம்" என்றாள் உள்ளே இருந்து அவர் மனைவி. "என் தங்கச்சி புருஷன் கடை எப்ப திறக்கும்னு தெரியணும்னாக்கூட நான் நடந்து போய்த்தான் பார்த்துட்டு வரணும்."

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும், மனிதருக்கு உள்ளுக்குள் உதறல்தான். புதிதாக வந்த ஷோரூம்காரன் ரிப்பேர் இலவசம் என்று அறிவித்ததிலிருந்து பாதி வாடிக்கை போய்விட்டது. மிச்சமும் போனால் கடையைப் பூட்டிவிட்டு அதே ஷோரூமில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த வயதில் ஒருத்தனுக்குக் கைகட்டி நிற்பதா?

வெப்சைட் பெண் லேப்டாப்பை மறுபடி திறந்து அவருடைய வெப்சைட்டைப் பார்த்தாள்.

"முதல் பக்கம் பூரா உங்க போட்டோதான் சார் இருக்கு. அது திறக்கறதுக்குள்ள வந்தவங்க துணியைக் கையாலயே துவைச்சு முடிச்சிடுவாங்க. போன் நம்பர் எங்க?"

"கடைசியில. என்னைப் பத்திப் படிச்சுட்டு நிதானமா கூப்பிடட்டுமேன்னுதான்."

"இது என்ன சார்? வெள்ளை மேல வெள்ளை எழுத்துல 'வாஷிங் மெஷின் ரிப்பேர், வாஷிங் மெஷின் ரிப்பேர்'னு கீழ வரைக்கும் போட்டிருக்கீங்க?"

மெக்கானிக் மீசைக்குள் சிரித்தார். "மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. நெட்டுக்கு மட்டும் தெரியும்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை சார் இது. கண்டுபிடிச்சா உங்களைத் தூக்கிக் கடைசியில போட்டுடும். ஜனங்க எப்படித் தேடுவாங்களோ அப்படி எழுதணும். 'தண்ணி வெளிய போகல', 'ஓடும்போது குதிக்குது'. அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும். இன்னொண்ணு, நம்ம பெருமையை நாமே பேசினா எடுபடாது. வேற யாராவது அவங்க சைட்ல உங்க பேரைச் சொல்லி, இங்க போங்கன்னு லிங்க் கொடுக்கணும். அதுக்குத்தான் மதிப்பு."

"என் பேரை யார் சொல்லப் போறா? சொந்தக்காரனே வயித்துல அடிக்கிறான்."

அவள் நம்பரை மேலே ஏற்றி, வெள்ளை எழுத்தையெல்லாம் துடைத்துவிட்டுப் போனாள். எழுதச் சொன்னதை மெக்கானிக் எழுதவில்லை. அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. சகலையின் வெப்சைட்டை வைத்திருக்கும் கம்பெனிக்கு, 'என் கடை போட்டோவை என் அனுமதி இல்லாமல் போட்டிருக்கிறான்' என்று புகார் அனுப்பினார். பொய் இல்லையே!

சில நாளில் சகலையின் வெப்சைட் காணாமல் போனது. அன்று மெக்கானிக் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். காரணத்தை மனைவியிடம் சொல்லவில்லை. தங்கை புருஷன் கடையில் கல் விழுந்ததற்கு அவள் கைதட்டவா போகிறாள்?

அடுத்த வாரம் கடை போன் ஒலிக்கவே இல்லை. போன் செத்துவிட்டதோ என்று மனைவியின் செல்லிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். நன்றாக அடித்தது. அந்தப் பெண்ணை வரவழைத்துச் சத்தம் போட்டார்.

"நீ கை வெச்ச நேரம், வந்துட்டிருந்த நாலு பேரும் நின்னுட்டாங்க!"

அவள் நிதானமாகப் பார்த்தாள். "உங்க சைட் ஒழுங்காத்தான் சார் இருக்கு. ஆனா இதுவரைக்கும் வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரை வேற ஒரு சைட்தான் அனுப்பியிருக்கு. யாரோ உங்களுக்கு லிங்க் கொடுத்திருந்திருக்காங்க. போன வாரத்தோட அது நின்னுடுச்சு."

"எனக்கா? யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

அவள் பதில் சொல்வதற்குள் கடை போன் அடித்தது. மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க! மெஷின்ல என்ன பிரச்னை?"

"அண்ணே, நான்தான்" என்றது சகலையின் குரல். "என்னை மன்னிச்சிடுங்க. உங்ககிட்ட கேக்காம உங்க கடையைப் போட்டோ எடுத்து என் சைட்ல போட்டிருந்தேன். வாஷிங் மெஷின்னு கேட்டு வர்றவங்களுக்கு, 'அந்த வேலை எனக்குத் தெரியாது, எங்க அண்ணன்தான் கெட்டிக்காரர், அவர்கிட்டப் போங்க'ன்னு ஒரு தனிப்பக்கமே வெச்சிருந்தேண்ணே. எவனோ புகார் கொடுத்து மொத்தத்தையும் மூட வெச்சுட்டான். யாரு, என்னன்னு கம்பெனி சொல்ல மாட்டேங்குது."

மனைவி மெக்கானிக்கைப் பார்த்தாள். வெப்சைட் பெண்ணும் பார்த்தாள். அவர் ஸ்பீக்கரை அணைக்கப் பட்டனைத் தேடினார்.

"என் பொழப்பு கிடக்கட்டும்ணே, நான் சமாளிச்சுக்குவேன். ஆனா உங்க சோத்துல மண்ணைப் போட்டவன் எவன்னு மட்டும் தெரியட்டும், அவனை நான் சும்மா விட மாட்டேன்!"