சுத்தமான கோடு

திரையில் கோடு மறுபடியும் துள்ளியது.

"மேடம், இந்தத் தடவையும் முன்னாடியே தாவிடுச்சு!" என்றார் டெக்னீஷியன்.

தாவாமல் என்ன செய்யும்? திரவ ஹீலியத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது, தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் எங்கள் மீக்கடத்திச் சில்லு. மின்னோட்டத்தை மெல்ல ஏற்றினால், ஓர் எல்லை வரை மின்னழுத்தமே காட்டாமல் சமர்த்தாக இருக்கும். அப்புறம் ஒரே தாவல். வெளியிலிருந்து துளி மின்காந்த இரைச்சல் புகுந்தாலும் எல்லைக்கு முன்னாலேயே தாவித் தொலைக்கும். தாவிய பிறகு கொஞ்சம் குறைத்தால் இறங்காது. ஏறக்குறையப் பூஜ்யம் வரை கொண்டுவர வேண்டும்.

அப்படியே உன் கோபம் என்பார் என் வீட்டுக்காரர். இன்று காலையும் அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மகள் இன்று விமானம் ஏறுகிறாள். தூர தேசத்தில் வேலை, அங்கேயே கல்யாணம். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு என்னிடம் கடைசியாகச் சொன்னாள். போய்த் தொலை என்று கத்திவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் ஆய்வகத்துக்கு வந்துவிட்டேன்.

ஹீலியம் வேறு தீர்ந்துகொண்டிருந்தது. இரைச்சல் எங்கிருந்து என்று தேடி டியூப்லைட்டை அணைத்தோம். பம்பை நிறுத்தினோம். பக்கத்து அறை ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, அந்த அறைக்காரரோடு ஒரு மூச்சு சண்டை போட்டேன். செல்போன்கள் எல்லாம் வாசலுக்கு வெளியே தகரப் பெட்டியில். அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்.

இறக்கி ஏற்றினோம். துள்ளியது. திரும்பவும் ஏற்றினோம். துள்ளியது. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

பிறகு, நாங்கள் எதையும் தொடாமலேயே அடங்கியது. கோடு நூல் பிடித்த மாதிரி ஏறி, சரியாக எல்லையில் தாவியது.

"அப்பாடா! இரைச்சல் போயே போச்சு மேடம்!" டெக்னீஷியன் கைதட்டினார்.



மேலங்கிப் பையிலிருந்து போனை எடுத்தேன். காலையிலேயே ஒலியை அடைத்திருந்தேன். அணைக்கத்தான் மனம் வரவில்லை. கோடு துள்ளியபோதெல்லாம் அது இடுப்பில் அதிர்ந்தது; இப்போது நின்றுவிட்டது. தெரிந்தேதான் ஃபிரிட்ஜோடு மல்லுக்கு நின்றேன்.

திரை முழுக்க எடுக்காத அழைப்புகள். எல்லாம் மகள். விமானம் கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டது.

டெக்னீஷியன் வாயைப் பிளந்தார். நான் அவள் எண்ணை அழுத்தினேன். கோடு எகிறிக் குதித்தது.

"எடுடி," என்றேன். "எடுத்துடு, என் கண்ணு."