நாலு மணித் தேத்தண்ணி

“இது கடையின்ர காசு அம்மா. உங்கட பேர்ஸ் இல்லை.”

மிதுஷன் மேசையின் காசு லாச்சியைச் சாத்திவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டான். பம்பலப்பிட்டியில் வங்கி வேலை. ஊரார் காசுக்கெல்லாம் கணக்குக் கேட்கிறவன், பெற்ற தாயை மட்டும் விடுவானா?

நேசமலர் கையில் எடுத்த தாள்களோடு அசடு வழிந்தாள்.

“ஒரு தேத்தண்ணி, ஒரு ரோல்ஸ். அதுக்கு இவ்வளவு கதையே தம்பி?”

“ஒவ்வொரு நாளும் எல்லோ! மாசம் முழுக்கச் சேர்த்துப் பாருங்கோ. வாடகைக்குக் குறையிறதை நான்தானே என்ர சம்பளத்தில போடுறன்? இந்த மாசமும் குறைஞ்சால் கடையைப் பூட்டித் திறப்பைச் சொந்தக்காரரிட்டக் குடுத்திடுவம்.”

பிள்ளை சொன்னதில் பிழையில்லை. எடுத்த தாள்களை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையில் அவளுடைய தையல் கடை. பிளவுஸும் கால்சட்டை மடிப்பும் கரண்ட் பில்லுக்குச் சரி. ஆசையெல்லாம் சிறுமிகளுக்குத் தைத்து வாசலில் தொங்கவிடும் சட்டைகளில்தான். கிழமைக்கு ஒன்று விற்றுவிடும். லாபம் என்று கண்டது அது ஒன்றுதான்.

இரண்டு கடை தள்ளி லுத்பியாவின் தேத்தண்ணிக் கடை. அங்கே வாசல் வாங்கில் இருந்தால் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரியும். நாலு மணிக்கு நேசமலர் அதில் போய் அமர்ந்தால், விற்றுப்போன சட்டைகள் ஒவ்வொன்றாக நடந்து வரும். மஞ்சள் சட்டை யாருடைய வீட்டிலோ பிறந்தநாள் கேக் வெட்டும். நீலச் சட்டை அலையில் கால் நனைத்துவிட்டு வீலென்று கத்தும். பச்சை ரிபன் வைத்தது ரயில் ஜன்னலில் ஏறி நின்று கை காட்டும். இவளும் கை காட்டிவிடுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் யாருக்கென்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ரயில் போன பிறகுதான் தேத்தண்ணி ஆறிப்போனது தெரியும். மடக்கென்று குடித்துவிட்டுக் காசை நீட்டுவாள்.

“சும்மா குடிங்களேன் அக்கா. நாங்க என்ன பிறத்தியா?” என்பாள் லுத்பியா.

“காசு வாங்காட்டி நாளைக்கு வரமாட்டன்.”

இந்தச் சண்டை நாள் தவறாமல் நடக்கும். நேசமலர்தான் வெல்வாள்.

மகன் சொன்ன மறுநாளே வீட்டிலிருந்து பிளாஸ்கில் தேத்தண்ணி வந்துவிட்டது. நாலு மணிக்குத் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து, சுவரைப் பார்த்துக் குடித்தாள். சுவரைப் பார்த்தால் கனவு வருமா? வெறும் சுவர்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. சட்டை போகவில்லை.

வெள்ளிக்கு வெள்ளி வந்து சட்டை எடுப்பவள் மர்லியா என்றொரு பெண். பெயரைத் தவிர அவளைப்பற்றி வேறொன்றும் தெரியாது. விலை பேசமாட்டாள். ‘எந்த அளவு?’ என்று கேட்டால், எது கைக்கு எட்டுகிறதோ அதைக் காட்டுவாள். வீடு நிறையப் பெண் பிள்ளைகள் போலும் என்று நேசமலர் நினைத்துக்கொள்வாள். அந்த மர்லியா அடுத்த வெள்ளியும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை.

மாத முடிவில் லாச்சியை எண்ணிப் பார்த்த மிதுஷன் தலையைச் சொறிந்தான்.

“செலவைக் குறைச்சும் இந்த மாசமும் வாடகைக்குக் குறையுது. எப்படியம்மா?”

அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

“திறப்பைக் குடுப்பம் தம்பி. லுத்பியாவிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாறன்.”

தாயைத் தனியே விட மனமில்லாமல் அவனும் கூடவே வந்தான்.

“கடைய மூடப் போறீங்களா?” லுத்பியா அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடி வந்தாள். “ஏன் அக்கா?”

“சட்டை போகுதில்லை. மர்லியா எண்டு ஒரு பிள்ளை. கிழமைக்குக் கிழமை வந்து எடுக்கிறவ. அவவும் என்னை மறந்திட்டா.”

லுத்பியா முந்தானையில் கையைத் துடைத்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“மறக்கல்ல அக்கா. அவ என்ட மதினி. ஹெந்தளைல சின்னப் புள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்கிறா. நல்ல உடுப்பு இல்லாத புள்ளைகள் நெறைய. உங்க சட்டை எல்லாம் அதுகள் தான் போட்டிருக்கு.”

நேசமலருக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியென்றால் மஞ்சள் சட்டை நிசமாகவே எங்கேயோ ஓடித் திரிகிறது!

“பிறகேன் லுத்பியா நிப்பாட்டினனீங்கள்? நான் ஏதும் பிழை விட்டனானே?”

“ஐயோ, இல்ல அக்கா! நீங்க சும்மா குடிக்க மாட்டீங்க. உங்க கையால வாங்கின தேத்தண்ணிச் சல்லிய என்ட லாச்சில போட எனக்கு மனசு வரல்ல. தனியா சேத்து வெச்சி, கிழமைக்கு ஒரு சட்டை எடுக்கச் சொல்லி மர்லியாக்கிட்ட குடுத்தேன்.”

மிதுஷன் திறப்புக் கோர்வையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான்.

“என்ட கடையும் இழுபறி தான், கைக்காசு போட ஏலாது. இப்ப நீங்க தேத்தண்ணி குடிக்க வாறதில்லையே அக்கா... நான் எந்த சல்லில சட்டை எடுக்கிற?”